கடல் தின்னும் சாலை: கல்லா, மணலா, மேடா, இடமாற்றமா?

"கடல் சாலைக்கே வந்துவிட்டது. அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடப்போகிறோம். கல் கொட்டச் சொல்வதா, தூண்டில் வளைவு கேட்பதா?" கடலோர ஊர்களிலிருந்து வரும் கேள்வி ஏறக்குறைய இதே வாசகத்தில்தான் இருக்கிறது, கரையோரம் கொட்டும் கல், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு என்று கடையில் இரண்டே சரக்கு இருப்பதுபோல. உண்மையில் வழிகள் ஆறு. எதைக் கேட்பது என்பது கடல் எவ்வளவு சீறுகிறது என்பதைவிட, சாலைக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது, உங்களுக்கு வடக்கே யார் குடியிருக்கிறார்கள் என்ற இரண்டையும் பொறுத்தது.

## முதலில், எந்தத் தண்ணீர்?

கடலோரச் சாலையைக் கெடுப்பவை மூன்று. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலாவது அரிப்பு. கரையின் மணல் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, கடைசியில் அலை சாலையின் அடிமண்ணை உருவத் தொடங்கும். மேலே தார் அப்படியே இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஓரமாக ஒதுங்கும் நாளில்தான் விஷயம் வெளியே தெரியும்.

இரண்டாவது, புயல் நாட்களில் அலை கரையைத் தாண்டி வந்து விழுவது. இது அகலமான கரை உள்ள ஊரிலும் நடக்கும். தண்ணீர் வடிந்த பிறகு சாலைமேல் மணல் குவிந்து கிடக்கும். சாலை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் பலர் கணக்கில் சேர்க்காதது: முதுகுப்பக்க வெள்ளம். கழுவெளியிலும் (கரைக்குப் பின்னாலுள்ள சதுப்பு நீர்ப்பரப்பு) கால்வாயிலும் சேரும் மழைநீர் கடலுக்குப் போக வழியில்லாமல் சாலைமேல் ஏறுகிறது. முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தாலும், கடல் ஏற்றத்தில் இருந்தாலும் வெள்ளம் வடியாது. கடல் மட்டம் உயர உயர முதலில் மோசமாகப் போவது இதுதான்.

உங்கள் ஊரில் எது நடக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெள்ளம் வடிந்த மறுநாள் சாலைக்குப் போய்ப் பாருங்கள். மணலும் கிளிஞ்சலும் கிடந்தால் வந்தது கடல். கறுப்புச் சேறும் ஆகாயத்தாமரையும் கிடந்தால் வந்தது ஊர்ப்பக்கத் தண்ணீர். அதற்குக் கடல் பக்கம் கல் கொட்டினால் பணம் போகுமே தவிர வெள்ளம் போகாது.

கடல் மட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 2021 அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல் மட்டம் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. 2006–2018 காலத்தில் உயர்ந்த வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. இந்த நூற்றாண்டின் முடிவில், 1995–2014 சராசரியோடு ஒப்பிட்டால், உமிழ்வை வெகுவாகக் குறைத்தால் 28 முதல் 55 செ.மீ., குறைக்காமலே போனால் 63 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை உயரலாம். ஆனால் இன்று நம் சாலைகளைத் தின்பது முதன்மையாக இந்த 3.7 மி.மீ. அல்ல. துறைமுகத் தடுப்புச் சுவர்கள் மணலின் பாதையை மறித்தன, ஆறுகளில் கட்டிய அணைகள் மணல் வரத்தைக் குறைத்தன. கரை ஏற்கெனவே மெலிந்துபோன பிறகு அதன் மேல் கடல் ஏறி வருகிறது. 1990–2018 காலத்துக்கான தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையத்தின் கணக்கில் தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதம் அரிப்புக்கு ஆளானது. புதுச்சேரியில் அது 56.2 சதவீதம்.

## எதை வைத்து எடை போடுவது?

எந்தத் திட்டத்தை யார் கொண்டுவந்தாலும் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

- வடக்கே என்ன ஆகும்? கிழக்குக் கரையில் ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திரும்பி வருகிறது. கூட்டிக் கழித்தால் மிச்சம் வடக்கு நோக்கித்தான். நடுவில் எதை வைத்து மறித்தாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே கரையும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகன்றதும் இராயபுரம் கரைந்ததும் இப்படித்தான்.
- கரை மிஞ்சுமா? படகு ஏற்ற, கரைவலை இழுக்க, கருவாடு காய வைக்க இடம் இருக்குமா?
- மழைத் தண்ணீர் போகுமா?
- ஆண்டுச் செலவு யாருடையது? கட்டுமானத்துக்குப் பணம் ஒதுக்குவது சுலபம். ஐந்தாம் ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்குவதுதான் அரிது.
- பின்னால் இடம் இருக்கிறதா? இன்று இருக்கும் இடம் பத்து ஆண்டில் மனையாகிவிடும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

## கருங்கல் சுவர்

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான், கிடைப்பதும் இதுதான். லாரி லாரியாகக் கல் வந்து இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பருவத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

சாலையைக் காப்பாற்றுமா என்றால், காப்பாற்றும். புதுச்சேரியின் கடற்கரைச் சாலை இன்றும் இருக்கிறதென்றால் கல்தான் காரணம். 1980களின் பிற்பாதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்தபின் அங்கே மணற்பரப்பு கரைந்து, மக்கள் பல காலம் பாறைமேல் உட்கார்ந்துதான் கடலைப் பார்த்தார்கள். சாலை பிழைத்தது, கரை போயிற்று. அதோடு நின்றதா? கல் முடிந்த இடத்துக்கு வடக்கே அரிப்பு, அங்கே கல், அதற்கும் வடக்கே அரிப்பு என்று சோலை நகர் தாண்டி, மாநில எல்லை கடந்து, விழுப்புரம் மாவட்டத்தின் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போய்விட்டது.

காரணம் எளிது. சரிவான மணற்கரையில் அலை ஏறி ஓய்ந்து திரும்பும். சுவரில் அது மோதித் திரும்பும்போது அடிவாரத்து மணலை இழுத்துக்கொண்டு போகும். முன்னால் ஆழம் கூடும், ஆழம் கூடினால் இன்னும் பெரிய அலை வரும், கல் இறங்கும். கல்லுக்கு அடியில் வடிகட்டித் துணியும் சிறு கல் அடுக்கும் போடாமல் பெரிய கல்லை மட்டும் கொட்டினால் இன்னும் சீக்கிரமே இறங்கும். டெண்டர் மதிப்பீட்டில் அந்த அடுக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவசர வேலை என்ற பெயரில் முதலில் காணாமல் போவது அவைதான்.

மறைசெலவு இன்னொன்றும் உண்டு. படகு ஏற்ற இடம் வேண்டும் என்று ஊரார் சுவரில் ஒரு வாய் விடச் சொல்வார்கள், நியாயமான கேள்வி. ஆனால் புயல் நாளில் கடல் அந்த வாய் வழியாகத்தான் உள்ளே வரும், அதற்கு நேரே இருக்கும் சாலைத் துண்டுதான் முதலில் போகும். வாய் விடுவதென்றால் அதன் பின்னால் சாலையைத் திடப்படுத்தும் வேலையும் மதிப்பீட்டில் சேர வேண்டும்.

கேரளத்தின் செல்லானத்தில் சாதாரணக் கல்லுக்குப் பதில் டெட்ராபாட் எனப்படும் நாலுகால் கான்கிரீட் கட்டிகளை அடுக்கினார்கள். முதல் கட்டம் 7.3 கி.மீ.க்கு 344 கோடி ரூபாய், அதாவது கி.மீ.க்கு ஏறக்குறைய 47 கோடி. சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள் மழைக்காலத்தில் நிம்மதியாகத் தூங்கினார்கள். சுவர் நின்றுபோன புத்தன்தோடுக்கு வடக்கே கண்ணமாலிப் பக்கத்து மக்கள், எங்களுக்கு எப்போது என்று போராட வேண்டியிருந்தது.

எப்போது சரி: சாலைக்குப் பின்னால் ஓர் அடிகூட இடமில்லாத நகரப் பகுதி, மருத்துவமனைக்கோ துறைமுகத்துக்கோ போகும் ஒரே சாலை. அங்கே வேறு வழி தேடி நேரத்தைக் கடத்துவதுதான் தவறு. வட சென்னையில் இருந்துகொண்டு கல்லே வேண்டாம் என்று சொல்ல முடியாது.

## தூண்டில் வளைவு

சுவர் கரைக்கு இணையாகப் போகும், தூண்டில் வளைவு கரையிலிருந்து கடலுக்குள் நீளும். நகர்ந்து போகும் மணலைப் பிடித்து வைப்பது இதன் வேலை. ஒன்று போதாது, வரிசையாக வேண்டும்.

நன்றாக வேலை செய்ததற்கு அருகிலேயே சாட்சி இருக்கிறது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் போகும் விரைவுச் சாலை, கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை, பல காலம் கடலோடு மல்லுக்கட்டியது. கொட்டிய கல்லெல்லாம் கடலுக்குள் போயிற்று. பிறகு 2004 வாக்கில் ஐஐடி மெட்ராஸ் வடிவமைப்பில் பத்து தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். இடையிடையே மணல் சேர்ந்து கரை திரும்பி வந்தது, படகு நிறுத்தவும் இடம் கிடைத்தது. மீனவர்கள் கல் சுவரைவிட இதை விரும்புவதற்குக் காரணம் அதுதான்.

சிக்கல் வரிசையின் கடைசியில் இருக்கிறது. கடைசி வளைவுக்கு வடக்கே கரைக்கு மணல் பட்டினி. எண்ணூர்ப் பக்கமும் வரிசை முடிந்த இடத்துக்கு அப்பால் இருந்த குப்பங்கள் தங்களுக்கும் கேட்டன, பின்னாளில் கூடுதலாகக் கட்ட வேண்டியதாயிற்று. ஆகவே, வரிசை எங்கே முடிகிறது, அங்கே என்ன இருக்கிறது என்பதே முதல் கேள்வி. முகத்துவாரத்தில் முடிந்தால் ஒரு மாதிரி, அடுத்த குப்பத்தின் வாசலில் முடிந்தால் வேறு மாதிரி. ஓர் ஊருக்கு மட்டும் ஒன்றிரண்டு தூண்டில் வளைவு என்று கேட்டு வாங்குவது பக்கத்து ஊரோடு பகையையும் சேர்த்து வாங்குவதுதான்.

இது கடல் மட்ட உயர்வுக்கு மருந்து அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். மணல் ஓட்டம் இருக்கும்வரைதான் பிடிக்க முடியும்.

எப்போது சரி: அரிப்பே நோய், மணல் ஓட்டம் உண்டு, பல ஊர்கள் சேர்ந்து ஒரே திட்டமாகக் கேட்க முடியும் என்றால்.

## மணல் கொட்டுதல், மேடு வளர்த்தல்

கரையைக் காப்பது கரைதான். அகலமான மணற்பரப்பும் அதன் பின்னால் மணல் மேடும் இருந்தால் சாலைக்கு வேறு காவல் வேண்டியதில்லை.

விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரிய மணலைக் கடற்கரைச் சாலைக்கு முன்னால் கொட்டுகிறார்கள். ஆண்டுதோறும் கொட்ட வேண்டும், விட்டால் கரை மெலியும். புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலும் தெற்கே சேரும் மணலை வடக்கே கடத்தும் ஏற்பாடு இருந்தது. அதை ஒழுங்காக நடத்தாததன் விலையைத்தான் மேலே பார்த்தோம். பின்னர் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் எஃகுத் திட்டு ஒன்றை மூழ்கவைத்து, துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து சேர்த்தபிறகு நகரத்துக்கு மறுபடி ஒரு துண்டுக் கரை கிடைத்தது.

இரண்டு மறைசெலவுகள். மணல் பொடியாக இருந்தால் ஒரு பருவத்திலேயே கரைந்துவிடும், உங்கள் கரையின் பருமனுக்கு ஒத்த மணல் வேண்டும். இரண்டாவது, மக்கள் பார்வை. "கோடிக்கணக்கில் கடலில் கொட்டுகிறார்கள்" என்ற செய்தி வராத ஆண்டே இருக்காது. அதில் அரை உண்மை இருக்கிறது. இது கட்டுமானம் அல்ல, தீராத செலவு.

செலவு குறைந்த தம்பி ஒன்றும் உண்டு: இருக்கிற மணல் மேட்டைக் கெடுக்காமல் விடுவது. அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருக்கும் மேடுகளைக் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக வீட்டுக்காரர்கள் "கடல் தெரியவில்லை" என்று சமப்படுத்தியிருக்கிறார்கள். சவுக்குத் தோப்பும் ஒரு வகைக் காவல்தான். வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதியில் 2002இல் கின்னஸ் சாதனைக்காக நட்ட மரங்கள் 2004 ஆழிப்பேரலையில் ஊருக்குத் துணை நின்றன. ஆனால் அலை அடிமண்ணை உருவும் இடத்தில் சவுக்கு நிற்காது, சாய்ந்துவிடும். ஆமை முட்டையிடும் மணலில் நெருக்கமாக நடுவதும் சரியல்ல.

எப்போது சரி: பக்கத்தில் துறைமுகம் தூர்வாருகிறது, அந்த மணலை ஆண்டுதோறும் தர எழுத்துமூலம் ஒப்புக்கொள்கிறது என்றால். மேட்டைக் காப்பது மட்டும் எல்லா ஊருக்கும் சரி.

## சாலையை உயர்த்துதல்

இதில் இரண்டு உண்டு, இரண்டையும் ஒரே பெயரில் சொல்லி ஏமாற்றிவிடுவார்கள். மண் கொட்டி உயர்த்துவது ஒன்று, தூண்மேல் பாலமாக உயர்த்துவது இன்னொன்று.

மண் கொட்டி உயர்த்திய சாலை ஓர் அணை. கடலுக்கும் கழுவெளிக்கும் நடுவே ஓடும் சாலையை மூன்றடி ஏற்றினால் கடல் வராது, மழைத் தண்ணீரும் போகாது. கூடவே இரு பக்கத்து வீடுகளும் பள்ளத்தில் போய்விடும். இது தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத துன்பம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலர் உத்தரவிடும் அளவுக்கு வாசல்கள் தாழ்ந்திருந்தன. அமெரிக்காவின் மியாமி பீச்சில் சாலையை உயர்த்தி, தண்ணீரை இறைக்க பம்பு வைத்தார்கள். தரைத்தளத்தில் இருந்த ஓர் உணவகத்தில் 2016இல் வெள்ளம் புகுந்தபோது, சாலையைவிடத் தாழ்வாக இருப்பதால் அது நிலவறை என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்தது.

உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் சிறுபாலங்களின் எண்ணிக்கையையும் வாய் அகலத்தையும் கேளுங்கள். பழைய குழாய்ப் பாலம் இருந்த இடத்தில் மறுபடி குழாயே போடுவார்கள். மணல் வந்து இரண்டு மழையில் அடைத்துக்கொள்ளும். பெட்டி வடிவப் பாலம் வேண்டும், உள்ளே ஆள் குனிந்து போய் வாரும் அளவுக்கு.

பாலமாக உயர்த்துவது தண்ணீரை மறிக்காது, விலைதான் மலைக்க வைக்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில், ரோடாந்தே என்ற ஊருக்கு வடக்கே கடல் அடிக்கடி அறுத்துக்கொண்டிருந்த நெடுஞ்சாலை 12ஐக் கைவிட்டு, தீவுக்குப் பின்னாலுள்ள காயலின் மேல் 3.9 கி.மீ. பாலம் கட்டி 2022 ஜூலையில் திறந்தார்கள். செலவு 14.5 கோடி டாலர். பழைய சாலையைப் பெயர்த்தெடுத்து நிலத்தை இயற்கைக்கே விட்டார்கள்.

எப்போது சரி: முகத்துவாரம், கழுவெளி குறுக்கிடும் இடங்களில் பாலம். மண் மேடு, முதுகுப்பக்கம் வீடும் நீரோட்டமும் இல்லாத இடத்தில் மட்டும்.

## சாலையை உள்ளே நகர்த்துதல்

கிராம சபையில் யாரும் எழுந்து கேட்காத வழி இது. கடலிடம் தோற்றதாக ஒரு கூச்சம். என் கணக்கில், பின்னால் இடம் இருக்கும் ஊருக்கு நீண்ட நாளைக்குக் குறைந்த செலவில் முடிவது இதுதான்.

கலிபோர்னியாவில் கிளீசன் பீச் என்ற இடத்தில் மலைச்சரிவோடு கடலுக்குள் சரிந்துகொண்டிருந்த நெடுஞ்சாலை 1ஐ ஏறக்குறைய 400 அடி உள்ளே தள்ளி, ஓடைமேல் 850 அடிப் பாலத்தோடு புதிதாகப் போட்டார்கள். பல ஆண்டு பேச்சுக்குப் பின் 2023இல்தான் முடிந்தது. இடம் தேடி, அனுமதி வாங்கி, நிலம் எடுத்து முடிக்க அவ்வளவு காலம் பிடிக்கும். கடல் வாசலுக்கு வந்தபின் தொடங்கும் வேலை இல்லை.

இங்கே இன்னும் பெரிய சிக்கல் வேறு. நம் ஊர்களில் சாலைக்கும் கடலுக்கும் நடுவே மீனவர் வீடுகள் இருக்கின்றன. "சாலை போகிறது" என்ற காரணத்தால்தான் அரசு அங்கே கல் கொட்டுகிறது. சாலை உள்ளே போய்விட்டால் அந்த வீடுகளை யார் பார்ப்பார்கள்? ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் வந்த அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் இடம் மாறினால் புதிய வீடு, ஆனால் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. நாம் விட்டுப்போகும் கரையில் நாளை விடுதி வருமா என்று அன்று எழுந்த சந்தேகம் இன்றும் தீரவில்லை. சாலை இடமாற்றத்துக்கு ஒப்புக்கொள்ளும் முன், பழைய சாலை நிலம் ஊரின் பொதுப் பயன்பாட்டுக்கே என்று எழுதி வாங்குவது அவசியம்: வலை உலர்த்த, படகு ஏற்ற, மணல் மேடு வளர.

எப்போது சரி: பின்னால் புறம்போக்கோ தோப்போ இருக்கிறது, கடல் இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

## அப்படியே விட்டு, அவ்வப்போது சரிசெய்தல்

இதுவும் ஒரு முடிவுதான். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு மறுபடி 9.5 கி.மீ. சாலை 2017இல் வந்தது. இருபுறமும் கடல், நடுவில் ஒரு கோடு. அங்கே எவ்வளவு கல் அடுக்கினாலும் மணலை வாரியபடியேதான் சாலையை வைத்திருக்க முடியும். புயல் எச்சரிக்கை வந்தால் தடுப்பு போட்டு மூடலாம், முடிந்ததும் மணலை ஒதுக்கலாம். சுற்றுலாச் சாலைக்கு அது போதும். ஆம்புலன்ஸ் போகும் ஒரே சாலைக்குப் போதாது.

## ஒரே பார்வையில்

| வழி | வடக்கே பாதிப்பு | கரை | மழைநீர் | ஆண்டுச் செலவு |
|---|---|---|---|---|
| கருங்கல் சுவர் | அதிகம் | போகும் | வடிகால் விட்டால் போகும் | நடுத்தரம். கல் இறங்க இறங்கக் கூடும் |
| தூண்டில் வளைவு | அதிகம், வரிசையின் முடிவில் | இடையில் வளரும் | தடையில்லை | குறைவு |
| மணல் | இல்லை. வடக்கும் பயன்பெறும் | வளரும் | முகத்துவாரம் அடைபடலாம் | அதிகம், தீராது |
| மண் மேட்டுச் சாலை | இல்லை | மாற்றமில்லை | மறிக்கும் | சிறுபாலம் தூர்வாரும் செலவு |
| பாலம் | குறைவு | மாற்றமில்லை | போகும் | குறைவு; முதல் செலவு மிக அதிகம் |
| இடமாற்றம் | இல்லை | மிஞ்சும் | புதிய தடத்தைப் பொறுத்தது | குறைவு. நிலம்தான் செலவு |

## தீர்மானத்தில் என்ன எழுதுவது?

"கல் கொட்ட வேண்டும்" என்ற ஒற்றை வரி வேண்டாம். சாலையை மூன்று துண்டாகப் பிரித்து எழுதுங்கள். வீடு நெருங்கிய துண்டுக்குச் சுவர் அல்லது தூண்டில் வளைவு, ஓடை குறுக்கிடும் துண்டுக்குப் பாலம், தோப்பும் புறம்போக்கும் உள்ள துண்டுக்கு இடமாற்றம். ஒரே ஊரில் மூன்றும் தேவைப்படலாம். அந்தப் புறம்போக்கின் சர்வே எண்களைக் குறிப்பிட்டு, வேறு எதற்கும் ஒதுக்கக் கூடாது என்று இப்போதே கேட்டுவிடுங்கள். பணம் பிறகு வரும், நிலம் திரும்பி வராது.

வடக்கே உள்ள ஊராட்சியின் தீர்மான நகலையும் இணைக்க முடிந்தால் மனுவின் பலம் இரட்டிப்பாகும். கடலோரக் கட்டுமானத்துக்கு வாங்க வேண்டிய கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியின்போது எழும் முதல் ஆட்சேபம் அங்கிருந்துதான் வரும்.

மனு யாருக்கு என்பதிலும் கவனம் வேண்டும். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, கல் சுவர் நீர்வளத் துறையுடையது, படகுத் தளம் மீன்வளத் துறையுடையது. ஒரு துறைக்கு மட்டும் கொடுத்தால் அந்தத் துறைக்குத் தெரிந்த மருந்தைத்தான் தருவார்கள். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, மூன்று துறையும் சேர்ந்து ஒரே நாளில் களத்துக்கு வர வேண்டும் என்பதையே முதல் கோரிக்கையாக வையுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் வரச் சொல்லுங்கள். மழை தொடங்கிவிட்டால் அவசர வேலை என்று கல் லாரிதான் வரும்.